கல் விழக் கூடாது

மார்ச் 3, திங்கள்

எடைமேடை அறையில் மின்விசிறி மறுபடியும் நின்றுவிட்டது. அறை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். நாலு பக்கமும் தகரம், ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் தூள் மூக்கில் ஏறுகிறது, மூடினால் வெந்து போகிறேன். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் இல்லை.

சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு வரும் ஒவ்வொரு லாரியும் என் ஜன்னலுக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். எடை பார்ப்பேன். மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். சீட்டைக் காட்டினால்தான் வாசலில் கேட் திறக்கும். தார்ப்பாய் தளர்ந்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ரோட்டில் கல் விழுந்தால் கம்பெனி மேல் வழக்கு வரும், அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேனேஜர் மகா கறார்.

இன்று விசில் அண்ணனைத் திருப்பி அனுப்பினேன். வண்டி ஓட்டும்போது எந்நேரமும் எதையாவது விசிலடித்துக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். "உங்க மூஞ்சியப் பார்த்தா தார்ப்பாயே பயந்து இறுகிக்கணும் தங்கச்சி. எப்படித் தளர்ந்துச்சுன்னு தெரியல" என்றார். சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என் வீட்டுக்காரரும் இதே சுரங்கத்தில்தான் லாரி ஓட்டுகிறார். கட்டின புருஷன் என்பதற்காக என் ஜன்னலில் சலுகை கிடையாது. திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சாப்பாடு போட்டால் சரியாகிவிடும்.

புது நீள லாரிகள் வந்ததிலிருந்து எனக்கு ஒரு நன்மை. இவர் சட்டையின் தோள்பட்டையில் எப்போதும் கிரீஸ் கறை அப்பியிருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது. புது லாரிக்கு மாறின பிறகு அந்தக் கறை வருவதே இல்லை. துணி துவைக்கிறவளுக்குத்தான் தெரியும் இந்தச் சந்தோஷம்.

மார்ச் 11, செவ்வாய்

சேஃப்டி ஆபீசர் என் ஜன்னலுக்கு வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முகம் செத்துப் போயிருந்தது. என்ன சார் என்றேன். ஷெட் விஷயம் என்றார்.

தார்ப்பாய் கட்டும் ஷெட் என் ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். லாரி உள்ளே வந்து நிற்கும், டிரைவர் தோளிலும் இடுப்பிலும் மாட்டுகிற பெல்ட் போட்டுக்கொண்டு கல் சுமையின் மேல் ஏறுவார். தலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு இரும்புக் கயிறு ஓடுகிறது. பெல்ட்டில் இருக்கும் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டால் கால் வழுக்கினாலும் தொங்குவார்களே தவிர கீழே விழ மாட்டார்கள். பழைய லாரிக்கு அது போதும். புது லாரியின் வால் ஷெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி வண்டியிலேயே கயிறு முடிந்துவிடுகிறது.

லாரியின் இரண்டு பக்கமும் சுமை உயரத்துக்கு ஒரு பிளாட்பாரம், அதற்குப் படி, சுற்றிலும் கைப்பிடி வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். அதில் நின்றபடியே தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம், கல்லின் மேல் கால் வைக்கவே வேண்டாம். "கயிறு இருக்கா இல்லையா? இருக்கு. அப்புறம் என்ன?" என்றாராம் மேனேஜர். அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

கேட்டுவிட்டு வந்து என்னிடம் தண்ணீர் குடிக்கிறார் இந்த மனிதர். அங்கேயே நின்று இன்னொரு தரம் அழுத்திக் கேட்டால் தலையா போய்விடும்?

மார்ச் 19, புதன்

விசில் அண்ணன் லாரி மேலிருந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

போய்விட்டார். வழியிலேயே.

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பார்த்ததையே இவர்கள் மாற்றிச் சொல்லி என்னை நம்ப வைத்துவிடுவார்கள்.

அவர் வண்டி ஷெட்டில் நின்றது. அவர் மேலே. முன்பாதியைக் கட்டி முடித்துவிட்டு வால் பக்கம் நடந்தார். என் எதிரே நின்ற வண்டிக்குச் சீட்டு போட நான் குனிந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். தார்ப்பாய்ச் சுருள் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ அலறின பிறகுதான் பார்த்தேன்.

பெல்ட் போட்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். கொக்கி எங்கே இருந்தது? அவர் இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருந்தது. தன்னைத் தன்னோடேயே கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார் மனுஷன். கீழேயிருந்து பார்க்கிறவனுக்குக் கொக்கி எங்கேயோ மாட்டியிருக்கிற மாதிரி தெரியும். அவ்வளவுதான் வேண்டும் இவர்களுக்கு, பார்க்கிறவன் கண்ணுக்கு.

அவர் மேலும் கோபம் வருகிறது. செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா? படுகிறேன். ஏன்ண்ணே இப்படிப் பண்ணீங்க? ஒருத்தர்கிட்டயாவது வாய் திறந்து கயிறு எட்டலன்னு கத்தியிருக்கக் கூடாதா? விசிலடிக்கத் தெரிஞ்ச வாய்க்கு அது தெரியலையா?

மார்ச் 22, சனி

நோட்டீஸ் வந்துவிட்டது. என் தகரச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனான் ஒருவன். 'ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த துயரச் சம்பவம்.' பெல்ட் கொடுத்தோம், கயிறு கட்டினோம், அவர்தான் மாட்டவில்லை. முடிந்தது கதை. செத்தவர் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்து பதில் சொல்லப் போகிறாரா என்ன.

கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை இன்னொன்று ஒட்டுவார்கள். அதையும் கிழிப்பேன்.

மார்ச் 24, திங்கள்

எல்லோரையும் ஷெட்டுக்கு முன்னால் நிற்க வைத்து மௌன அஞ்சலி. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நடுவில் அவர் போன் அடித்தது. பிறகு ஒரு பெரிய பேனரை அவிழ்த்துக் கட்டினார்கள். 'உன் உயிர் உன் கையில்.' அந்தக் கையில்தான் தார்ப்பாய்க் கயிறு இருக்கிறதே சார், உயிரை எதால் பிடிப்பது?

பேனர் கட்ட ஆள் ஏறினானே, அவனுக்கு மட்டும் ஏணி, அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர். போட்டோ எடுக்கிறார்கள் அல்லவா.

அஞ்சலி முடிந்ததும் வண்டிகள் கிளம்பிவிட்டன. நீள லாரிகள் அதே ஷெட்டில், அதே இடத்தில். விசில் அண்ணன் விழுந்த இடத்தில் கல்தூளைக் கொட்டி நிரவியிருந்தார்கள். நானும் எடை பார்த்தேன், தார்ப்பாய் பார்த்தேன், சீட்டு போட்டேன். கல் விழக் கூடாது. ரோட்டில் ஒரு கல், ஒரே ஒரு கல் விழுந்துவிடக் கூடாது. அதற்காக மேலே ஏறுகிற மனுஷன் விழலாம், அதற்கு மௌன அஞ்சலி இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

விசில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வாடகை நாற்காலிகளை இன்னும் எடுத்துப் போகவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அழுது தீர்ந்துவிட்டது போல.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் அவளிடமும் அதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாட்டவில்லை, அவர் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று. "வீட்டுல ஸ்டூல் மேல ஏறினாக்கூட என்னைய வந்து பிடின்னு சொல்ற மனுஷன்க்கா அவரு" என்றாள். "அவரையா கவனமில்லாதவர்ங்கறாங்க?"

அந்தக் கயிறு பாதியோடு முடிகிறது என்று அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் இன்னொரு தரம் செத்துப் பிழைக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இவர் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கை நின்றுவிட்டது.

தோள்பட்டை சுத்தமாக இருக்கிறது.

ஷெட்டில் இருக்கும் இரும்புக் கயிற்றுக்குத் துருப் பிடிக்காமலிருக்க கிரீஸ் பூசுவார்கள். கொக்கியை அதில் மாட்டினால் கொக்கியில் ஒட்டும், கொக்கியிலிருந்து கைக்கு, கையிலிருந்து பெல்ட்டின் தோள் வாருக்கு, அதிலிருந்து சட்டைக்கு. வருஷக்கணக்காக நான் திட்டிக்கொண்டே தேய்த்த கறை அதுதான். புது லாரி வந்ததிலிருந்து கறை இல்லை. ஐயோ, நான் அதற்குச் சந்தோஷப்பட்டு இதே நோட்டில் எழுதி வேறு வைத்திருக்கிறேன்.

ஈரச் சட்டையோடு போய் இவர் முன்னால் நின்றேன். கொக்கியை எதில் மாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு கத்தினார். பாதியில் கழற்ற வேண்டியிருக்கிறதாம், திரும்பி வந்து மாட்ட வேண்டியிருக்கிறதாம், பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தே உயிரை வாங்குகிறானாம். அதனால் எல்லோருமே ஏறும்போதே இடுப்பில் மாட்டிக்கொண்டு விடுகிறார்களாம். எல்லோரும்! அதற்கு ஒரு பேர் வேறு வைத்திருக்கிறார்கள். அலங்காரம்.

"விசில் அண்ணன் போனதுக்கு அப்புறமுமா?" என்று கேட்டேன்.

"தார்ப்பாய் தளர்ந்தா சீட்டு குடுக்க மாட்டேன்னு ஜன்னல்ல உக்காந்திருக்கறது யாரு? நீதானே?" என்றார்.

சட்டையை அவர் மேலேயே எறிந்துவிட்டு வந்துவிட்டேன். எறிந்தது சரிதான். அவர் கேட்டதும் சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 3, வியாழன்

பேச்சு வார்த்தை இல்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், நான் இந்த நோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கும் அந்த வண்டி மேல் ஏறப் போகிறார். நான் சீட்டு போடப் போகிறேன். போடத்தான் வேண்டுமா?

ஏப்ரல் 8, செவ்வாய்

போடவில்லை.

காலையில் முதலில் வந்த நீள லாரியையே நிறுத்தினேன். பின்பாதியில் ஏறினபோது கொக்கி இடுப்பில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன், சீட்டு இல்லை என்றேன். விளையாட்டு என்று நினைத்து டிரைவர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்த நீள லாரிக்கும் இல்லை, அதற்கு அடுத்ததற்கும் இல்லை. வண்டி வரிசை ஷெட்டைத் தாண்டி வளைவு வரைக்கும் போய்விட்டது. ஹாரன் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரே கூச்சல். "விசில் செத்ததுக்கு எங்க வயித்துல அடிக்கிறியா?" என்றார் ஒருவர். அஞ்சலியில் எனக்குப் பக்கத்தில் நின்று அழுதவர் அவர். சேஃப்டி ஆபீசரும் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் ஜன்னல் ஓரமாக வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் நகரவும் இல்லை.

பிறகு இவர் வண்டி வந்தது. இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்தால் அடித்துவிடுவார் போல இருந்தது. கூட்டம் வழிவிட்டது, எல்லோருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. சீட்டைக் கொடு என்றார்.

"வால் பக்கம் போனப்ப கொக்கி எங்க இருந்துச்சு? அதைச் சொல்லிட்டு வாங்கிக்குங்க" என்றேன்.

சுற்றி ஹாரன் ஒவ்வொன்றாக அடங்கியது.

"இடுப்புல" என்றார்.

அதற்குள் மேனேஜர் வந்து சேர்ந்தார். என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். மதிய ஷிப்ட் ஆள் வந்ததும் அவன் கையெழுத்திலேயே எல்லா வண்டியும் போகும், உனக்கு இந்த நாற்காலி இனிமேல் இல்லை என்றார். பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பினார். கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறோம், மாட்டுவதற்கு என்ன கேடு, சோம்பேறித்தனம்தானே என்றார்.

இவர் அவரிடம் போனார். தன் தோளிலிருந்து பெல்ட்டைக் கழற்றி நீட்டினார்.

"எட்டல சார். நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க."

மேனேஜர் ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏறினார். இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி ஏறாமல் இருப்பார், வறட்டுக் கௌரவம். பெல்ட்டை மாட்டிவிட சேஃப்டி ஆபீசர் உதவினார். இவர் வண்டியை ஷெட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேனேஜர் மேலே போனார், கொக்கியைக் கயிற்றில் மாட்டினார், வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியது. கல் மேல் தட்டுத் தடுமாறி நடந்தார். பாதி வண்டியில் பெல்ட் அவரைச் சுண்டி நிறுத்தியது. வால் மூலை இன்னும் எங்கேயோ இருந்தது. கையை நீட்டிப் பார்த்தார். ஒரு கல் அவர் காலடியிலிருந்து உருண்டு கீழே வந்து விழுந்தது.

"இப்பக் கழட்டிட்டுத்தான் சார் அதுக்கு மேல போகணும்" என்றார் இவர் கீழேயிருந்து. கேலியில்லை, வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மேனேஜர் கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை, கயிற்றை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசியில் இவர்தான் ஏறிப் போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தார். தரையில் கால் பட்டதும் மேனேஜர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

நீள லாரி எதுவும் இன்று போகவில்லை. மதிய ஷிப்ட் ஆளும் கையெழுத்துப் போடவில்லை, பாவம், பயந்தவன், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு உத்தரவுகள் ஒன்றாக வந்தன. பிளாட்பாரம் கட்டும்வரை நீள லாரி ஓடக் கூடாது. எடைமேடையிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றியாயிற்று.

முதலாவது உத்தரவில் என் பேர் இல்லை. இரண்டாவதில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

நீள லாரி டிரைவர்களுக்கு வேலை பாதியாகிவிட்டது, பழைய லாரிகளை முறை வைத்து ஓட்டுகிறார்கள். அதற்கும் நான்தான் காரணம். கடையில் டிரைவர் மனைவி ஒருத்தி என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனாள். உன் புருஷன் உயிரோடு உன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, அது தெரியவில்லையா உனக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவள் வீட்டு அடுப்பு அவளுக்கு.

இவரும் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஓடாத கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, இப்போது சேர்க்கத் தெரியாமல் விழிக்கிறார். நடுநடுவே என்னோடு பேசுகிறார். கடிகாரத்தைப் பற்றி மட்டும்.

மே 14, புதன்

வெல்டர் இரும்பை வாங்க ஸ்டோருக்கு வந்தார். பிளாட்பாரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டேன். ஆள் நிற்கிற தளம் முடிந்ததாம். கைப்பிடியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் வண்டியை ஓட விடலாம் என்று மேலேயிருந்து சொல்கிறார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த போல்ட் டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்தேன், பாதி கொட்டிவிட்டது. கைப்பிடி இல்லாத பிளாட்பாரம் எதற்கு? வசதியாக நின்று விழுவதற்கா? நேரே சேஃப்டி ஆபீசரிடம் போய்க் கேட்டேன். "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாங்க, ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

போனோம். இந்த முறை தண்ணீர் குடிக்க என் பக்கம் வரவில்லை அவர். அங்கேயே நின்று, கைப்பிடி இல்லாமல் என் அனுமதி இல்லை என்று சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னார். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

ஜூன் 2, திங்கள்

திறப்பு விழா. மேனேஜர் ரிப்பன் வெட்டினார். 'ஊழியர் நலனில் என்றும் அக்கறை' என்று புதுப் பேனர். விசில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் மனைவியைக் கூப்பிடக்கூட இல்லை. கை தட்டச் சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இவர் முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். படியேறி, பிளாட்பாரத்தில் நடந்து வால் மூலைவரை போய் தார்ப்பாயைக் கட்டினார். கீழே வந்து, பழையபடி கட்டுவதைவிட இது நேரமெடுக்கிறது, படி வேறு செங்குத்தாக இருக்கிறது என்று ஒரு பாட்டம் குறை சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து மழை.

இவர் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார். முழங்கை சிவந்து வீங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்றேன்.

"ஒண்ணுமில்ல. வால் பக்கம் கட்டறப்ப கால் வழுக்கிடுச்சு."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? கைப்பிடி இருந்துச்சு. முழங்கைய இடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்." இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றார்.

போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய், அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்றும் நடக்கவில்லைதானே. நாளைக்கு நோட்டீஸ் ஒட்ட மாட்டார்கள், யாரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க மாட்டார்கள். இவருக்கு வழுக்கியது கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை.

அடுப்படியில் போய் நின்று அழுதேன். சந்தோஷம் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன், அத்தனையும் கோபம்தான். ஒரு கைப்பிடி. கொஞ்சம் இரும்பு, வெல்டருக்குச் சில நாள் வேலை. அதை மார்ச்சிலேயே வைத்திருந்தால் விசில் அண்ணனும் முழங்கையை இடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியைப் பார்க்கப் போகிறேன். அந்தக் கயிறு பாதியிலேயே முடிந்துவிட்டது என்று இந்த முறை சொல்லிவிடுவேன். அவர் கவனமாகத்தான் இருந்தார் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.